வெளிச்சத்தின் வரிசை

ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் உச்சிவெயில் நேரத்தில் கேமராவோடு நுழைகிறவருக்கு முதலில் புரிவது, அந்த வீடு ஒரே படத்துக்குள் அடங்காது என்பதுதான். அகலத்தைச் சொல்லவில்லை, அகலத்துக்கு லென்ஸ் இருக்கிறது. வெளிச்சத்தைச் சொல்கிறேன். முற்றத்தில் வெயில் நேராகக் கொட்டுகிறது. அதைச் சுற்றி ஓடும் வளவில், மரத்தூண்களுக்கு இந்தப் பக்கம், கண் கூசாத நிழல். அங்கிருந்து திறக்கும் அறைகளில் பகலிலும் சற்று நேரம் நின்று கண் பழகிய பிறகுதான் பெட்டி எது, சுவர் எது என்று பிடிபடும். உச்சிவெயில் 1,00,000 லக்ஸ் என்றால் வளவில் சில நூறு, அறைக்குள் பத்தோ அதற்கும் கீழோ. சில எட்டு நடைக்குள் வெளிச்சம் 10,000 மடங்கு இறங்கிவிடுகிறது. அறைக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர் வைத்தால் முற்றம் வெறும் வெள்ளையாகிறது. முற்றத்துக்கு வைத்தால் அறைவாசல்கள் வரிசையாகக் கறுப்புச் சதுரங்களாகி நிற்கின்றன.

ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு. 10,000 மடங்கு என்பது 13 ஸ்டாப்புக்குச் சற்று மேல். இன்றைய நல்ல கேமராக்களின் சென்சார் 14 ஸ்டாப் வரை பிடிக்கும் என்கிறார்கள். கணக்குப்படி ஒரே சொடுக்கில் வேலை முடிந்திருக்க வேண்டும். முடிவதில்லை. அடியிலிருக்கும் இரண்டு மூன்று ஸ்டாப்புகளில் இருட்டை ஏற்றிப் பார்த்தால் சுவர் வராது, பொரிப்பொரியாக நாய்ஸ்தான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. அச்சுத் தாளில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் நடுவே நூறு, இருநூறு மடங்கு கிடைத்தால் அதிகம். ஆக, பிடிப்பது பாதி வேலைதான். பிடித்த பத்தாயிரத்தை நூறுக்குள் எப்படி அடக்குவது என்ற இடத்தில்தான் ரசனை, தந்திரம், சில சமயம் மோசடி எல்லாம் உள்ளே வருகின்றன.

தொழில்காரர்கள் செய்வது இது. ட்ரைபாடை ஊன்றி, ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8 என்று பூட்டிவிட்டு, ஷட்டரை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள்: 1/250 நொடி, 1/60, 1/15, 1/4, கடைசியில் ஒரு முழு நொடி. இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள். அபர்ச்சரைத் தொட்டால் எது தெளிவு, எது மங்கல் என்பது படத்துக்குப் படம் மாறி, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கொடியில் வேட்டி காய்ந்தால் எடுத்து மடித்து வைத்துவிடுவார்கள், காற்றில் அது ஐந்து படத்திலும் ஐந்து இடத்தில் இருக்கும் என்பதால். பிறகு கணினியில் ஐந்தையும் லேயர்களாக அடுக்கி, மாஸ்க் போட்டு, குறைந்த எக்ஸ்போஷரிலிருந்து முற்றத்தையும் கூடிய எக்ஸ்போஷரிலிருந்து அறையையும் பிரஷ்ஷால் வெளிக்கொண்டு வருவார்கள். அவசரக்காரர்கள் ஐந்தையும் மென்பொருளிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

விற்பனைக்கு வரும் ஃபிளாட்டுகளையும் ஹோட்டல் அறைகளையும் எடுக்கிறவர்களிடம் இன்னொரு வழி இருக்கிறது. வெளிக்காட்சிக்கு எக்ஸ்போஷரை வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மேல் பலமாக ஃபிளாஷ் அடித்து ஒரு படம். அதை மேல் லேயராக வைத்து 'டார்க்கன்' என்று மாற்றினால், கீழ்ப்படம் எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கே மட்டும் மேற்படம் வந்து உட்காரும். விண்டோ புல் என்பார்கள். உள்ளே சோபாவின் தையலும் தெரியும், வெளியே தென்னை ஓலையும் தெரியும். வாடகைக்கு வீடு தேடுகிறவர் இப்படிப்பட்ட படங்களை ஒரு நாளைக்கு நூறு பார்த்துவிடுகிறார். ஜன்னல் வெளுத்த படத்தைப் பார்த்தால் இப்போது அவருக்கே ஏதோ குறை என்று தோன்றும்.

கணினி வந்து கெடுத்த பழக்கம் இது என்று சொல்பவர்கள் உண்டு. புகைப்படம் பிறந்து இருபது வருடத்துக்குள்ளேயே இது வந்துவிட்டது. அன்றைய கொலோடியன் தட்டுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கும். கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துப் போய்விடும். பிரான்சில் குஸ்தாவ் ல கிரே 1856, 1857 ஆண்டுகளில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று தனித்தனி நெகட்டிவ் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1858இல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் செய்த 'ஃபேடிங் அவே'. ஏனென்றால் அது ஓர் அறை. ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்த படம். சாகக் கிடக்கும் இளம்பெண், பக்கத்தில் இரண்டு பெண்கள், நமக்கு முதுகைக் காட்டி ஜன்னல் வழியே மேகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆண். அந்த ஜன்னல் வெறும் வெள்ளையாக இருந்திருந்தால் அந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்? அறையின் துக்கத்திலிருந்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்பது அந்த மேகத்தால்தான் தெரிகிறது. சாவை இப்படிக் காட்டலாமா என்று சிலர் கோபித்தார்கள், ஒட்டுவேலை என்று சிலர். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் ஒரு பிரதி வாங்கினார்.

நம் ஊரிலும் ஏறக்குறைய அதே காலம். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையை எடுத்தார். திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், புது மண்டபத்தின் தூண் நடை எல்லாம் அவருடைய படங்களில் இருக்கின்றன. அதற்கு மூன்று வருடம் முன்பு பர்மாவில் எடுத்தபோது வெளுத்துப் போன வானத்தில் மேகங்களை நெகட்டிவ் மேலேயே கையால் தீட்டியவர் அவர். தொல்லியல் ஆவணம் என்று இன்று நாம் பத்திரப்படுத்தும் படங்களில் தூரிகை மேகங்கள் மிதக்கின்றன. யாரும் அதை மோசடி என்று சொல்லிக் கேட்டதில்லை. வானம் அங்கே இருந்தது. அதில் மேகம் இருந்திருக்கலாம். நெகட்டிவால்தான் அதைப் பிடிக்க முடியவில்லை.

நெகட்டிவால் முடியாததைக் கண்ணாலும் ஒரே வீச்சில் செய்ய முடியாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கூர்மையாகப் பார்க்கிற பரப்பு, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் குறைச்சலாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவி அறையைச் சேகரிக்கிறது. பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரியும் என்பதால் பதினாறு மடங்கு வெளிச்சத்தை அது சமாளிக்கும். மிச்சமெல்லாம் விழித்திரையின் வேலை, அதற்கு நேரம் வேண்டும். வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்து முழுக்கப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். முற்றத்துச் செடியையும் உள்ளறை மரப்பெட்டியின் பித்தளைக் குமிழையும் ஒரே கணத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஒன்றைப் பார்த்து, நடந்து, நின்று, இன்னொன்றைப் பார்க்கிறோம். பிறகு இரண்டையும் சேர்த்து 'அந்த வீடு' என்று மனசில் வைத்துக்கொள்கிறோம். கண் இத்தனை நேரம் எடுத்துச் செய்யும் அந்த வேலையை, மொத்தமே ஒன்றரை நொடிக்குள் அடங்கும் ஐந்து படங்களிலிருந்து செய்யப் பார்க்கிறார் புகைப்படக்காரர்.

அதனால் ஒரே சொடுக்கில் எடுத்ததுதான் நேர்மை என்று வாதிடும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கறுப்புச் சதுரமாக நிற்கும் அறைவாசலை அந்த வீட்டில் வாழ்ந்த எவரும் பார்த்ததில்லை. வெள்ளையாக எரியும் முற்றத்தையும் பார்த்ததில்லை. அவையும் கருவி செய்த கற்பனைதான். கலப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எப்படிக் கலப்பது என்பதில்தான் சண்டையே.

1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நினைவுத் தேவாலயத்தை உள்ளிருந்து எடுத்த படம் ஒன்று வருகிறது. இருண்ட கூடம், வண்ணக்கண்ணாடி ஜன்னல்கள், அவற்றில் ஒன்றின் பின்னால் நேரே சூரியன். 30 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாக, 16 படங்கள். அந்தப் பதினாறிலிருந்தும் அறையின் ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் இருந்த ஒளியின் அளவைத் திரும்பக் கணக்கிட்டார்கள். எண்களாக அந்த அறை முழுவதும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எண்களை எந்தத் திரையும் காட்டாது, எந்தத் தாளும் தாங்காது. அடக்க வேண்டும். அதற்கென்று வந்த முறைகளைப் பரிசோதிக்க அடுத்த பல வருடங்களுக்கு ஆய்வாளர்கள் இதே தேவாலயத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2002இல் எரிக் ரைன்ஹார்டும் அவருடைய சகாக்களும் கொண்டுவந்த முறை, ஆன்சல் ஆடம்ஸ் ஃபிலிம் காலத்தில் வகுத்த மண்டல முறையிலிருந்து யோசனை பெற்றது. கணிப்பொறி விஞ்ஞானிகள் ஒரு நிலக்காட்சிக்காரரின் இருட்டறைப் பழக்கத்திடம் பாடம் கேட்டது எனக்குப் பிடித்த செய்தி.

அந்த வாக்கில் வந்த மென்பொருள்கள் கைக்கு எட்டிய காலத்தில் இணையம் முழுக்க ஒருவகைப் படங்கள் பெருகின. மேகம் இரும்புத் துருவாகத் தெரியும், சுவர் ஓரங்களில் வெளிறிய விளிம்பு ஓடும், நிழலென்று ஒன்று எங்கேயும் இருக்காது. கல்யாண மண்டபங்களையும் கோயில் பிரகாரங்களையும்கூட விட்டுவைக்கவில்லை. அந்த ஜுரம் இப்போது தணிந்துவிட்டது. அதைவிட அடக்கமாக வந்து, அதைவிட நீண்ட நாள் தங்கிவிட்டது 2007இல் டாம் மெர்டென்ஸ், யான் கவுட்ஸ், ஃபிராங்க் வான் ரீத் மூவரும் சொன்ன எக்ஸ்போஷர் ஃப்யூஷன் முறை. உண்மையான ஒளியளவைக் கணக்கிடும் வேலையே அதில் இல்லை. இருக்கிற ஐந்து படங்களிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பெண் போடு. நல்ல மதிப்பெண் வாங்கிய படத்திலிருந்து அந்தப் புள்ளியை அதிகம் எடு. விளிம்பு தெரியாமல் இழைத்துவிடு. மதிப்பெண்ணுக்கு மூன்று சோதனைகள். அந்த இடத்தில் விவரம் கூர்மையாக இருக்கிறதா? நிறம் செறிவாக இருக்கிறதா? மூன்றாவது, எக்ஸ்போஷர் சரியாக இருக்கிறதா?

அந்த மூன்றாவது சோதனையில்தான் எனக்கு வம்பு. சரியான எக்ஸ்போஷர் என்றால் என்ன என்று கணக்குக்குச் சொல்லியாக வேண்டுமே. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1 என்று வைத்தால், 0.5க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் இருப்பதே நல்லது. பொறியியலாக யோசித்தால் நியாயம்தான். அந்த ஆய்வின் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்த விதியை ஒரு செட்டிநாட்டு வீட்டின் மேல் ஏவிவிட்டால் என்ன ஆகிறது? முற்றம் கொஞ்சம் இறங்கி நடுவுக்கு வருகிறது. வளவு ஏற்கெனவே நடுவில் இருக்கிறது. உள்ளறை ஏறி நடுவுக்கு வருகிறது. எல்லாக் காயும் ஒரே பதத்தில் குழைந்து போன சாம்பார் மாதிரி ஒரு படம் கிடைக்கிறது. குறை என்று விரல் வைக்க முடியாது. எதுவும் வெளுக்கவில்லை, எதுவும் மூழ்கவில்லை. ஆனால் வீடு இல்லை.

ஏன் இல்லை என்று சொல்லப் பார்க்கிறேன். அந்த வீடுகள் தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும். தலைவாசலில் நின்றால் திண்ணை, முகப்பு, முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலுக்குள் வாசலாகப் பின்வாசல் வரை பார்வை ஓடும். அந்தக் கோட்டில் வெளிச்சம் படிப்படியாக இறங்குவதில்லை. கூரையின் கீழ் இருட்டு, முற்றத்தில் வெயில், மறுபடி இருட்டு, அடுத்த கட்டின் முற்றத்தில் மறுபடி வெயில். வந்தவர் எதுவரை வரலாம் என்பதை அந்த ஏற்ற இறக்கமே சொல்லிவிடும். கணக்கு வழக்கு பேச வந்தவர் முகப்போடு சரி. வளவில் வீட்டு விசேஷங்கள். அதைச் சுற்றியுள்ள அறைகள், மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒன்று என்று, ஒரு புள்ளிக்கு ஓர் அறையாக ஒதுக்கியவை. படுத்துத் தூங்குவதைவிடச் சீர்ச்சாமான்களைப் பூட்டி வைப்பதற்கே அவை அதிகம் பயன்பட்டன. சிறிய கதவு, தடித்த சுவர், குறைந்த வெளிச்சம்.

இருட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஜப்பானுக்குப் போய் எழுத்தாளர் தனிஸாகியின் நிழல் கட்டுரையைக் கூட்டிக்கொண்டு வருவது சிறுபத்திரிகைச் சம்பிரதாயம். நான் போகவில்லை. அவருடைய இருட்டு அழகுக்காகக் காப்பாற்றப்பட்ட இருட்டு. இது வெயிலுக்குப் பயந்தும் சாமானுக்குக் காவலாகவும் வந்தது. அழகு பிறகு சேர்ந்திருக்கலாம்.

இப்படி ஓர் உள்ளறையின் கலந்த படத்தை அந்த வீட்டு ஆச்சியிடம் லேப்டாப்பில் காட்டியிருக்கிறேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது எங்க ரெண்டாவது அறையா தம்பி? இதுல இம்புட்டு வெளிச்சம் எப்ப வந்துச்சு?" பாராட்டா, குறையா என்று பிடிபடவில்லை. படம் எடுக்கும்போது கொஞ்சம் அதிகப்படுத்திக்கொள்வோம் ஆச்சி என்றேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா திருடன் வந்தா எல்லாம் தெரியுமே" என்று சிரித்தார்.

எனவே நான் கைக்கொள்வது ஒரே ஒரு கட்டுப்பாடு. எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம், ஆனால் எதைவிட எது இருட்டு என்ற வரிசை கலையக்கூடாது. 10,000 மடங்கு இடைவெளி நூறாகச் சுருங்கலாம். முற்றத்துக்கும் வளவுக்கும் உள்ள தூரம் குறையலாம். ஆனால் வளவைவிட உள்ளறை இருட்டாகவே இருக்க வேண்டும், அடுப்படிச் சுவரின் கரி அதைவிடவும். இது கேட்க எளிதாக இருக்கும். தானாகக் கலக்கும் மென்பொருள் மிகச் சாதாரணமாகத் தவறவிடுவது இதைத்தான். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சீர்படுத்தப் போய், ஜன்னல் வழியே தெரியும் வானம் அறைச் சுவரைவிடக் கருத்துவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ சினிமா செட் மாதிரி இருக்கிறது என்பார். உள்ளே வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவருடைய கண் தேடுகிறது, பதில் கிடைக்கவில்லை.

வெளிச்சமும் அது போய் விழுந்த இடமும் பிரியக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. அந்த வீடுகளில் ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று கண்ணாடிகள் பதித்திருப்பார்கள். கூடிய எக்ஸ்போஷரில் சிவப்புக் கண்ணாடி வெளிறி ரோஸாகிவிடும், குறைந்ததில்தான் அதன் நிறம் நிற்கும். தரையில் விழுந்த சிவப்புத் துண்டோ நடு எக்ஸ்போஷரில்தான் சரியாக வரும். கண்ணாடியை ஒன்றிலிருந்தும் தரையை இன்னொன்றிலிருந்தும் அளவில்லாமல் எடுத்தால் மேலே ரத்தச் சிவப்பு, கீழே வெளிறிய ரோஸ். இரண்டுக்கும் உறவு அறுந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லிலும் இதே பாடுதான். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி வார்ப்பதால் வரும் பளபளப்பு அது. முற்றத்து வானம் அந்தத் தரையில் நீளமாகப் பிரதிபலித்துக் கிடக்கும். முற்றத்தை அடக்கிவிட்டு அந்தப் பிரதிபலிப்பை அப்படியே விட்டால், தரை வானத்தைவிட அதிகம் மின்னும். பார்க்கிறவருக்குத் தரை ஈரமாக இருப்பதாகத் தோன்றும்.

கலப்பே தேவையில்லாத ஒரு நேரமும் உண்டு. சூரியன் இறங்கி வெளி ஒளி விழுந்துகொண்டே போகையில், ஒரு கட்டத்தில் அது அறைக்குள் எரியும் பல்புக்குச் சமமாகிறது. அந்தச் சில நிமிடங்களில் முற்றமும் உள்ளறையும் ஒரே எக்ஸ்போஷருக்குள் தானாக வந்துவிடும். ஐரோப்பிய மாதப் பத்திரிகைகளில் வரும் வீட்டுப் படங்களில் பல அந்த நேரத்தில் எடுத்தவை. அங்கே கோடையில் அந்தி நின்று நிதானமாகப் போகும். காரைக்குடி இருக்கும் 10 பாகை அட்சரேகையில் அந்தி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான், அதிலும் பொருந்தி வரும் பகுதி ஐந்தாறு நிமிடம். வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் அது. ட்ரைபாடோடு குறுக்கே நின்றால் திட்டு விழும். மேலும், ஹோட்டல் நடத்துகிறவர்கள் அந்த நீல முற்றத்தை விரும்புவதில்லை. விருந்தாளி பகலில் வருவார், வெயில் தெரிய வேண்டும் என்பார்கள்.

இதையெல்லாம் தொழில் ரகசியம் என்று சொல்லிக்கொள்ளும் காலமும் போய்விட்டது. 2010இல் ஐஃபோனில் எச்டிஆர் வந்தபோது அது ஒரு பொத்தானாவது இருந்தது, வேண்டுமென்றால் அழுத்தலாம். இப்போது எந்த ஃபோனை நீட்டினாலும் கண்மூடித் திறப்பதற்குள் பல படங்களை எடுத்து உள்ளேயே கலந்துவிட்டுத்தான் நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. கலக்காத படத்தை இளைஞர் ஒருவர் தன் வாழ்நாளில் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். அவருடைய கண்ணுக்கு இருட்டான மூலை என்பது படத்தின் குறை, வீட்டின் குணமல்ல.

அதன் விளைவு படத்தோடு நிற்கவில்லை. ஹோட்டலாக மாறிய வீடு ஒன்றில் இதைப் பார்த்தேன். முன்பதிவுத் தளத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அறை படத்தில் இருந்த மாதிரி இல்லை, இருட்டாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்களாம். ஒருவர் இருவர் அல்ல. வீட்டுக்காரர் என்ன செய்வார்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். பர்மாத் தேக்கு உத்திரத்தின் மறைவில் நீளத்துக்கும் எல்இடி பட்டை ஓடுகிறது. உள்ளறைகளில் மேற்கூரையில் பேனல் விளக்குகள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் வெளிச்சம் எங்கும் ஒரே அளவாகப் பரவிக் கிடக்கிறது. புதிதாகப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். எடுத்தேன். முற்றத்துக்கு மேலே வெயில் மறைக்கும் வெள்ளைத் துணிப் பந்தல் வேறு போட்டுவிட்டார்கள். இரண்டாவது எக்ஸ்போஷருக்கு வேலையே வரவில்லை.